எந்த டியூஷன் மையம்? பிள்ளையின் தவறான விடையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். கவனம் போதவில்லை என்று வீட்டில் கடிந்துகொள்வோம். ஆனால் அந்த 26 கவனக்குறைவால் வந்த விடையன்று. ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது என்று கண்ட பிள்ளை, பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்றதை நினைவில் கொண்டு, 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 என்றும், பத்தின் இடத்தில் 5-இலிருந்து 3-ஐக் கழித்து 2 என்றும் எழுதியிருக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் கணக்குகளை ஆராய்ந்து, இத்தகைய தவறுகளில் பல ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு வருகின்றன என்பதை 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளை விதியை மீறவில்லை. தவறான ஒரு விதியை மிகச் சரியாகப் பின்பற்றுகிறது.

டியூஷன் மையத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் இந்தக் கணக்குக்கு என்ன இடம் என்று தோன்றலாம். எனக்கு இதுவே முதன்மையான அளவுகோலாகப் படுகிறது. பயிற்சி மையத்தில் ஆசிரியராகவும், பின்னர் பிள்ளையைச் சேர்ப்பதற்காக மையம் மையமாக ஏறி இறங்கிய பெற்றோராகவும் இருந்து பார்த்ததில், கட்டடம், கட்டணம், வாசலில் தொங்கும் மதிப்பெண் பலகை ஆகியவற்றைவிட ஒரு கேள்விதான் பயன்பட்டது. என் பிள்ளை எழுதும் 26-ஐ இங்கே யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், பார்த்த பிறகு அடுத்த வகுப்பில் என்ன மாறும் என்பதே அந்தக் கேள்வி. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கடைசியாக எழுதிய மூன்று நான்கு தேர்வுத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் அமர்த்தி, போன மதிப்பெண் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாடமே புரியாமல் போனவை ஒரு பக்கம். புரிந்திருந்தும் முறை தவறியவை ஒரு பக்கம். தெரிந்திருந்தும் நேரம் போதாமல் எழுதாமல் விட்டவை இன்னொரு பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளை இயற்கணிதத்தில் திணறுவதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தாளை நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொரு தவறும் பின்னத்தைக் கூட்டுமிடத்தில் நிகழ்ந்திருக்கும். அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைக்கு, ஏழாம் வகுப்புப் பாடத்தை இன்னொரு முறை நடத்துவதால் எந்தப் பயனும் இல்லை. அதற்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று வகுப்புகள் பின்னோக்கிச் சென்று, பின்னம் என்றால் என்ன என்பதைக் காகிதத்தை மடித்துக் காட்டக்கூடிய ஒருவர். நேரம் போதாமல் தவிக்கும் பிள்ளைக்கோ விளக்கம் தேவையில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகும் வாய்ப்புதான் தேவை. இரு பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஒன்றாகவே இருக்கலாம். சேர வேண்டிய மையங்கள் வெவ்வேறு.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

தனிப்பயிற்சி, அதாவது ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்ற முறை, எல்லாவற்றிலும் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு வலுவான அடிப்படையும் உண்டு. பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஏறத்தாழ 30 பேர் அமர்ந்த வழக்கமான வகுப்பில் கற்றவர்களையும் தனிப்பயிற்சியில் கற்றவர்களையும் ஒப்பிட்டு, தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் 98 விழுக்காட்டினரை விஞ்சியதாகத் தெரிவித்தார். தனிப்பயிற்சியை விற்பவர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டும் முடிவு இது. ஆனால் அந்த ஆய்வில் தனியாகக் கற்றவர்களுக்கு ஆசிரியர் மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறு தேர்வு, அதில் வந்த தவறுகளுக்குத் திருத்தம், அந்தப் பகுதி கைவந்த பிறகே அடுத்த பகுதி என்ற ஒழுங்கும் அவர்களுக்குச் சேர்ந்தே கிடைத்தது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்தப்பட்ட 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தனிப்பயிற்சியும் சிறுகுழுப் பயிற்சியும் உறுதியாகப் பலன் தருகின்றன என்றும், புளூம் கண்ட அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்தப் பலன் இருக்கிறது என்றும் கண்டது. அதிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கற்பித்தபோது பலன் கூடியது. தன்னார்வலர்களும் பெற்றோரும் கற்பித்தபோது குறைந்தது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாலேயே பிள்ளை கற்றுவிடாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

தனிப்பயிற்சியில் அந்த 26-க்கு என்ன நேர்கிறது? நல்ல ஆசிரியர் என்றால், பிள்ளை 6 என்று எழுதும் அந்தக் கணமே கண்ணில் பட்டுவிடும். உடனே திருத்தாமல், 'இந்த 6 எப்படி வந்தது என்று சொல்' என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ஈடான வசதி வேறு எந்த முறையிலும் இல்லை. ஆனால் எல்லோரும் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் தனிப்பயிற்சி என்பது வீட்டுப்பாடத்தை முடித்துத் தரும் ஏற்பாடாகவே சுருங்கிவிடுகிறது. பிள்ளை தயங்கினால் ஆசிரியர் அடுத்த படியைச் சொல்லிவிடுகிறார். இரண்டு மாதங்களில் பிள்ளை, யோசிப்பதற்குப் பதிலாகத் தயங்கக் கற்றுக்கொள்கிறது. மிஷலின் சியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2001-இல் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். தனிப்பயிற்சி தருபவர்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல், மாணவரைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். விளக்கம் கேட்டுக் கற்றவர்களுக்கு இணையாகவே அந்த மாணவர்களும் கற்றிருந்தார்கள். ஆகவே தனிப்பயிற்சிக்கு ஆள் தேடுகிறவர்கள் ஒருநாள் அடுத்த அறையில் அமர்ந்து, யாருடைய குரல் அதிகம் கேட்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். ஒரு மணி நேரமும் ஆசிரியரின் குரலே கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கட்டணத்துக்கு ஒரு பெரிய வகுப்பே கிடைத்திருக்கிறது என்று பொருள்.

மூன்று முதல் ஆறு பிள்ளைகள் வரை அமரும் சிறுகுழு வகுப்பைத்தான், அடிப்படையில் இடைவெளி இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம் கட்டணம் குறைவு என்பது மட்டுமன்று. ஐந்து பேர் இருக்கும் ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆசிரியரின் கண் கிடைக்கிறது. மீதி நேரத்தில் அது தானே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாற்பத்தெட்டு நிமிடத் தனிமை வீணன்று. கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இல்லாதபோதுதான் பிள்ளை தன் காலில் நடந்து பார்க்கும். மேலும், பக்கத்துப் பிள்ளை 26 என்று எழுதி, அது ஏன் தவறு என்று விளக்கப்படும்போது, தானும் அப்படித்தான் எழுதியிருப்போம் என்று உள்ளுக்குள் உணர்ந்து வெட்கமின்றித் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு தனிப்பயிற்சியில் கிடைக்காதது.

ஆனால் சிறுகுழு என்ற பெயரில் நடப்பவற்றுள் ஒரு பெரிய குறை உண்டு. பெரும்பாலான மையங்கள் குழுவைப் பள்ளி வகுப்பின்படி அமைக்கின்றன. பிள்ளை நிற்குமிடத்தின்படி அமைப்பதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர் ஒரு மேசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு வகுத்தல் வராது, இன்னொருவர் அடுத்த ஆண்டுப் பாடத்தில் இருப்பார். அப்போது ஆசிரியருக்கு இருப்பது ஒரு குழுவன்று, ஐந்து தனிப்பயிற்சிகள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற கணக்கு அங்கே உடைந்து, அதிகம் கேட்கிற பிள்ளைக்கு இருபது நிமிடமும் பேசாமல் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு நிமிடமுமாகப் பங்கிடப்படுகிறது. பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். சேர்க்கும் முன் ஒரு சிறு தேர்வு வைக்கிறார்களா, வைத்தால் அந்த விடைத்தாளை என்ன செய்கிறார்கள், அதன்படி குழு மாறுமா என்று கேட்டால் மையத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். பல இடங்களில் அந்தத் தேர்வு சேர்க்கைப் படிவத்தோடு கோப்புக்குள் போய்விடும். பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அடுத்தது முப்பது நாற்பது பேர் அமரும் பெரிய பேட்ச். இதைக் குறை சொல்வது எளிது. நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். அடிப்படை உறுதியாக இருந்து, பொதுத்தேர்வையோ நுழைவுத்தேர்வையோ எதிர்கொள்ளப்போகிற மாணவருக்கு இது பொருத்தமாக அமையக்கூடும். அனுபவமுள்ள ஆசிரியர், பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்தில் முடித்துத் தரும் ஒழுங்கு, நேரம் குறித்து நடத்தப்படும் மாதிரித் தேர்வுகள், அதே நோக்கமுள்ள சக மாணவர்கள் ஆகியவற்றைத் தனி ஆசிரியர் ஒருவர் வீட்டில் உருவாக்கித் தருவது கடினம். ஆனால் கணக்கு கணக்குதான். நாற்பது பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அதுவும் ஆசிரியர் பலகையில் ஒன்றுமே எழுதாமல் இருந்தால். அந்த வகுப்பில் 26-ஐ யாரும் பார்க்கப் போவதில்லை. பலகையில் 14 என்று வரும். பிள்ளை தான் எழுதிய 26-ஐ அழித்துவிட்டு 14 என்று எழுதிக்கொள்ளும். நோட்டு சுத்தமாக இருக்கும்.

இதை நான் என் மகளின் நோட்டில் பார்த்தேன். ஐந்து மாதங்களாகச் சென்றுகொண்டிருந்த மையத்தின் நோட்டை ஒருநாள் பொறுமையாகப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் எல்லா விடைகளும் சரியாக இருந்தன. ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. முதலில் மகிழ்ந்தேன். பிறகு அதிலிருந்தே ஒரு கணக்கை வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளால் இரண்டாவது படியைத் தாண்ட முடியவில்லை. அழுதாள். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. நாற்பது பேர் நடுவே தனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்ல அவளுக்கு ஓர் இடமே கொடுக்கப்படவில்லை. நானும் ஐந்து மாதம் நோட்டைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து, தவறே இல்லாத டியூஷன் நோட்டைக் கண்டால் எனக்குக் கவலைதான் வருகிறது. கற்கும் பிள்ளையின் நோட்டில் அடித்தல் இருக்கும். அடித்ததற்குப் பக்கத்தில் இன்னொருவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்.

பெரிய மையங்களின் வாசலில் வைக்கப்படும் மதிப்பெண் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 95 பெற்ற பிள்ளை அங்கே சேரும்போது எவ்வளவு பெற்றுக்கொண்டிருந்தது என்பது அந்தப் பலகையில் இருப்பதில்லை. நுழைவுத் தேர்வு வைத்து நன்றாகப் படிக்கிறவர்களையே சேர்க்கும் இடத்தில் நல்ல மதிப்பெண் வருவது, மையத்தின் கற்பித்தலைக் காட்டுவதைவிட அதன் தேர்வு முறையைத்தான் அதிகம் காட்டுகிறது. '45 மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஓராண்டில் எங்கே நிற்கிறார்கள்?' என்று கேளுங்கள். அப்படி ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லாமல், எங்கே தடுமாறியது, என்ன செய்தோம், எவ்வளவு காலம் ஆனது என்று விவரமாகச் சொல்லக்கூடிய ஆசிரியர் இருக்கும் மையம் நம்பத்தக்கது.

பயிற்சித்தாள்களை அடிப்படையாகக் கொண்ட மையங்கள் வேறொரு வகை. ஜப்பானில் தோரு குமோன் என்ற உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், 1954-இல் இரண்டாம் வகுப்பில் படித்த தம் மகனுக்காக நாள்தோறும் கணக்குத் தாள்களை எழுதிக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை, இவற்றுள் பெயர் பெற்றது. அதைப் பின்பற்றியும் அதிலிருந்து விலகியும் பல மையங்கள் இன்று இயங்குகின்றன. இவற்றின் பெரும் பலம், பிள்ளையின் வயதையோ பள்ளி வகுப்பையோ பாராமல், தடுமாற்றமின்றிச் செய்யக்கூடிய இடத்திலிருந்து தொடங்குவது. வாய்பாடும் கூட்டல் கழித்தலும் விரலுக்கு வராமல் மேல் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு, நாள்தோறும் இருபது நிமிடம் என்று ஓராண்டு செய்தால் கிடைக்கும் சரளம் சிறியதன்று. ஒரே மாதிரியான வேலை என்பதால் சில பிள்ளைகள் அலுத்துப்போவார்கள். சிலருக்கு அந்த ஒழுங்கே பிடித்துப்போகும்.

குறை எங்கே வருகிறது என்றால், ஒரே வகைக் கணக்குகள் ஒரு தாள் முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும்போது. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ச்சியாகவும், இன்னொரு பிரிவினர் பல வகைகளைக் கலந்தும் பயின்றார்கள். பயிற்சியின்போது தொடர்ச்சியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்ய, கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான் எட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலை தலைகீழானது: முதல் பிரிவினர் 20 விழுக்காடு, இரண்டாம் பிரிவினர் 63 விழுக்காடு. தாளில் இருப்பவை எல்லாம் கழித்தல் என்று முன்பே தெரிந்துவிட்டால், எந்தக் கணக்கு எந்த முறையைக் கேட்கிறது என்று தீர்மானிக்கும் வேலை பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. பள்ளித் தேர்விலோ அந்தத் தீர்மானம்தான் பாதி வேலை. எனவே இத்தகைய மையத்துக்குச் செல்லும்போது, பழைய பகுதிகளும் கலந்து வரும் திருப்புதல் தாள்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தரப்படுகின்றன என்று கேட்பது நல்லது. தாளைத் திருத்துகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும். விடைக்குறிப்பைப் பார்த்துச் சரி, தவறு என்று மட்டும் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தால், 26-ஐ எழுதிய பிள்ளை அதை அழித்து 24, 16 என்று ஊகித்துக்கொண்டே போய், ஒருவழியாக 14 என்று எழுதிக் குறி வாங்கிவிடும். தவறான விதி அப்படியே இருக்கும்.

இணையவழி வகுப்புகளை ஒரே வகையாகப் பேசுவது சரியில்லை. நேரலையில் ஓர் ஆசிரியர் நாலைந்து பிள்ளைகளோடு நடத்துவது சிறுகுழு வகுப்பின் இன்னொரு வடிவம். நூற்றுக்கணக்கானோர் பார்க்கும் நேரலை பெரிய பேட்சின் இன்னொரு வடிவம். பதிவு செய்த காணொலி இரண்டுமல்லாத ஒன்று. பயண நேரம் மிச்சமாவது முதல் நன்மை. மையத்துக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வாரம் மூன்று நாள் சென்றால், நாலரை மணி நேரம் சாலையிலேயே போகிறது. நேரலையில் பெரிய தடை என்னவென்றால், ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரிகிறது, கை தெரிவதில்லை. 26 என்ற விடை அரட்டைப் பெட்டியில் வந்து விழும். அது எப்படி வந்தது என்பது நோட்டில் இருக்கும். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதன்மேல் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் வழக்கமுள்ள வகுப்பாக இருந்தால் இந்தத் தடை பெருமளவு நீங்கும். தானே திரையின் முன் நிலைத்து உட்கார முடியாத சிறு பிள்ளைகளுக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர வேண்டியிருந்தால் அந்தப் பெரியவரே கற்பித்துவிடலாம்.

பதிவு செய்த காணொலியில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. இரண்டு முறை பார்த்தால் எல்லாம் புரிந்தது போலிருக்கும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் காட்டியது இதைத்தான்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். அவர்கள் சோதித்தது படிப்பைத்தான்; ஆனால் திரும்பத் திரும்பக் காணொலி பார்க்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். பயிற்சி தரும் மென்பொருள்களிலும் தரம் பிரிக்க ஒரு வழி உண்டு. கர்ட் வான்லென் 2011-இல் பல ஆய்வுகளை ஒப்பிட்டு, இறுதி விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள்களின் பலன் குறைவாக இருக்க, கணக்கின் ஒவ்வொரு படியையும் சரிபார்த்து வழிகாட்டும் மென்பொருள்களின் பலன் மனித ஆசிரியர் தரும் தனிப்பயிற்சிக்கு மிக அருகில் வந்ததைக் கண்டார். ஆகவே செயலியில் பிள்ளை படிகளை எழுதுகிறதா, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

எந்த மையமும் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். இதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். பள்ளி ஆசிரியரிடம் தேர்வுத்தாளைக் கொண்டுபோய் 'என் பிள்ளை எங்கே நிற்கிறது?' என்று கேட்டால், பல நேரங்களில் ஒரு மாதத்துக்குப் போதுமான வேலையை அவரே சொல்லிவிடுவார். குறை ஒன்றிரண்டு பாடப்பகுதிகளில் மட்டும் இருந்தால், மாலையில் அரை மணி நேரம் வீட்டில் அமர்ந்தே சரிசெய்துவிடலாம். ஆனால் கற்பிக்கும்போது நம் குரல் உயர்கிறது, பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே சுருங்குகிறது என்றால், பொறுமையுள்ள ஒரு வெளியாளிடம் அந்த வேலையைக் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான அன்பு, பின்னக் கணக்கைவிடப் பெரியது.

எந்த வகை என்று முடிவான பிறகு, அந்த வகையில் எந்த மையம் என்பதை நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். டெமோ வகுப்பை மட்டும் நம்ப வேண்டாம். அதை மையத்தின் மிகச் சிறந்த ஆசிரியர் நடத்துவார், மாதந்தோறும் வரப்போகிறவர் வேறொருவராக இருப்பார். சாதாரண நாள் ஒன்றில், பிள்ளையோடு போய், நடந்துகொண்டிருக்கும் வகுப்பைப் பத்து நிமிடம் பார்க்க அனுமதி கேளுங்கள். தவறு செய்த பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிறு பிள்ளைகளாயின், அறைக் கதவில் கண்ணாடி உண்டா, பெரியவர் ஒருவரோடு பிள்ளை மூடிய அறையில் தனித்திருக்க நேருமா, வகுப்பு முடிந்து அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று சரிபார்க்கிறார்களா என்பவற்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் மையம் எவ்வளவு பெயர் பெற்றதாயினும் அங்கே சேர்க்க வேண்டாம்.

கட்டணத்தில் தொகையைவிட நிபந்தனைகள் முக்கியம். ஆண்டு முழுமைக்கும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே பொருந்தவில்லை என்று தெரியும்போது, கட்டிய பணத்துக்காகவே பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புகிற நிலைக்கு அது நம்மைத் தள்ளிவிடும். மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் முதல் மூன்று மாதங்களுக்கு அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பள்ளி, பயணம், டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து, இந்த நேரம் மிஞ்சவில்லையென்றால் எவ்வளவு நல்ல மையமாயினும் அந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாது. வாரம் ஐந்து நாள் என்பதை மூன்றாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இரண்டு மையங்கள் எல்லாவற்றிலும் சமமாகத் தெரிந்தால், முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். எந்த இடம் பிடித்தது என்று கேட்பதைவிட, எந்த ஆசிரியரிடம் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல முடியும் என்று கேளுங்கள். பிள்ளைகள் இதற்கு அநேகமாக உடனே விடை சொல்லிவிடுவார்கள்.

சேர்த்து எட்டு வாரங்கள் ஆன பிறகு, மதிப்பெண் அட்டைக்காகக் காத்திராமல், வீட்டிலேயே ஒரு வெள்ளைத்தாளில் பழைய கணக்கின் சாயலில் வேறொன்றை எழுதிக் கொடுங்கள். 63-இலிருந்து 47. முன்னறிவிப்பு வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். 24 என்று வந்தால், பிள்ளையைக் கடியாமல் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாள் மையத்துக்குப் போய் ஆசிரியரின் முன் விரித்து வைத்து, இந்த 24 எப்படி வந்திருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் தாளைப் பார்த்துச் சில நொடிகளில் 'ஏழிலிருந்து மூன்றைக் கழித்திருக்கிறது' என்று சொன்னால், இன்னும் எட்டு வாரம் கொடுக்கலாம். 'இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்' என்று மட்டும் சொன்னால், அந்த மாதக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 16 என்று வந்திருந்தால், இந்தப் பாடத்துக்கு டியூஷன் இன்னும் எத்தனை நாள் தேவைப்படும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.